மூன்று முதல் நான்கு வரை பிளக்கைப் பறிக்கக் கூடாது

எங்கள் பக்கத்தில் இடி முழங்கினால் முதலில் செய்யும் வேலை பிளக்கைப் பறிப்பதுதான். கொடியில் கிடக்கும் துணியை எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு. டிவி, பிரிட்ஜ், மோடம், கேபிள் ஒயர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டு, துணி நனைகிற ஞாபகம் வந்து முற்றத்துக்கு ஓடுவோம். பாறசாலையில் இருந்து நெய்யாற்றின்கரை வரை, அங்கிருந்து மேலே காட்டாக்கடை, கள்ளிக்காடு வரை எந்த வீட்டிலும் இதுதான் வழக்கம். ஐப்பசியில், இங்கே துலாம் மாதம் என்போம், மத்தியானச் சோறு தின்று கை கழுவும்போது கிழக்கே மலைப்பக்கம் கறுக்கத் தொடங்கும். மூன்று மணிக்கு இடி வந்துவிடும். பிளக்கைப் பறிக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பறிக்காதே என்று சொல்லத்தான் ஒருத்தி வேண்டியிருந்தது. அந்த ஒருத்தி நான்.

திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது கம்பெனியின் தொழில். நான் வரைகிறவள் இல்லை. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். ஒருவருக்கு பாஸ்வேர்டு மறந்துபோகும், ஒருவருக்கு பிரிண்டர் முரண்டு பிடிக்கும், என்னைக் கூப்பிடுவார்கள். கொரோனா வந்தபோது எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார் முதலாளி. கொரோனா போன பிறகும் பாதிப் பேரை அப்படியே விட்டுவிட்டார். நானும் அந்தப் பாதியில் ஒருத்தி. பாறசாலையில், எல்லைக்குக் கேரளப் பக்கம் என் வீடு. முற்றத்தில் நின்றால் கேரளத்து டவர், கிணற்றடிக்குப் போனால் தமிழ்நாட்டு டவர் என்று போன் ஊசலாடும். மோடம் வைத்து உள்ளறையில் இருந்து வேலை பார்ப்பேன்.

ஓபீசில் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்த காலத்தில் படங்கள் அங்கேயே ஒரு பெரிய கம்ப்யூட்டரில் கிடந்தன. அதற்கு ஒரு பிரதி எடுத்து வைத்தால் போதும், கம்பெனி மொத்தமும் பத்திரம். ஆட்கள் வீட்டுக்குப் போனதும் படங்களும் அவர்களோடு வீட்டுக்குப் போயின. ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் படம் முழுதும் ஏதோ ஒரு கிராமத்தில், யாரோ ஒருவரின் சாப்பாட்டு மேசையில் இருக்கும் ஒரு லேப்டாப்பில் கிடக்கும். அதனால் ஒவ்வொரு லேப்டாப்பிலும் நான் ஒரு மென்பொருளைப் போட்டேன். தினமும் குறித்த நேரத்தில் அது தானே விழித்து, அன்று வரைந்ததை ஓபீசுக்கு அனுப்பும். அனுப்பி முடிந்தால் பச்சை, முடியாவிட்டால் சிவப்பு. ஐந்து மணிக்கு எனக்கும் முதலாளிக்கும் பட்டியல் வந்துவிடும்.

நேரத்தை முடிவு செய்தவர் முதலாளி. காலையில் அனுப்பினால் நெட் மந்தமாகி வரைகிறவர்களுக்குத் தொல்லை, இரவில் லேப்டாப்பை மூடிவைத்துவிடுவார்கள். மூன்று முதல் நான்கு வரை எல்லாரும் சாயா குடிக்கிற நேரம்தானே, அதுவே நல்லது என்றார். இந்த முடிவை எடுத்தது ஜனவரியில். ஜனவரியில் வானத்தில் ஒரு மேகத்தைக் காட்டச் சொன்னால் காட்ட முடியாது. நானும் தலையாட்டினேன். நகரத்தில் பத்தாவது மாடியில் இருக்கிறவருக்கு இடியைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம். பாறசாலைக்காரி எனக்குத் தெரியாமல் போனதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

வரைகிறவர்களில் மிகவும் மூத்தவர் ஆரியங்கோட்டில் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். மிஷன் சபைக் கிறிஸ்தவக் குடும்பம். பென்சிலும் டிராயிங் போர்டுமாகத் தொழில் கற்று, நாற்பது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் பழகியவர். அவர் படத்தில் ஒரு கோடு தப்பி யாரும் பார்த்ததில்லை. நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை மக்கா என்றுதான் கூப்பிடுவார். முதலாளி இருக்கிற கூட்டத்திலும் மக்காதான்.

அவருக்கு வீட்டில் இருந்து வேலை செய்வது வசதி இல்லை, கட்டாயம். அவருடைய மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்துபோயிருந்தது. கட்டிலில் இருந்து தூக்கி உட்கார வைப்பது, குளியலறைக்குக் கொண்டுபோவது, சோறு ஊட்டுவது எல்லாம் அவர்தான். பிள்ளைகள் கிடையாது. அந்த அக்காவின் கட்டில் கிடக்கும் அறையிலேயே ஜன்னலோரம் மேசை போட்டு அவர் வரைவார். வீடியோ கூட்டங்களில் அவருக்குப் பின்னால் கட்டிலின் கால்மாட்டுக் கம்பி தெரியும். சில நேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே, "ஒரு நிமிஷம் சார்" என்று எழுந்து போவார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும். திரும்பி வந்து விட்ட இடத்தில் இருந்து தொடருவார். ஓபீசுக்கு வரச் சொன்னால் அவரால் வர முடியாது. இது கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் அன்றைய படத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கைக்குட்டையில் சுற்றி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவார். மென்பொருள் போடுவதற்காக அவர் வீட்டுக்குப் போனபோது அதைப் பார்த்தேன்.

"அண்ணே, இது கூடாது. கம்பெனி ரூல் உண்டு. படம் ஒண்ணும் நம்ம கையில தனியா இருக்கப்பிடாது."

"எனக்க பழக்கமாக்கும் மக்கா. ஒண்ணு இதுல ஏத்தி வச்சாத்தான் எனக்கு ஒறக்கம் வரும்."

"இனி எல்லாம் தானா ஓபீசுக்கு வந்துடும். நீங்க ஒண்ணும் செய்யாண்டாம்."

அவர் கொஞ்ச நேரம் அந்தப் பென் டிரைவைக் கையில் வைத்திருந்தார். பிறகு என்னிடம் தந்தார். "நீ சொன்னா சரி" என்றார். அந்த ரூல் உண்மையில் இருந்தது. நான் இட்டுக்கட்டவில்லை. ஆனால் நகரத்தில் நாலு பேர் பென் டிரைவ் வைத்திருப்பது எனக்குத் தெரியும், அவர்களிடம் நான் கேட்கவில்லை. அவர்கள் என்னிடம் ரூல் புத்தகத்தைக் காட்டு என்று சொல்லக்கூடியவர்கள். அண்ணன் கேட்க மாட்டார். கேட்காதவரிடம்தான் அதிகாரம் செல்லும்.

எட்டொன்பது மாதம் எல்லாம் பச்சை. பிறகு துலாம் பிறந்தது. ஐந்து மணிப் பட்டியலில் தெற்கே இருப்பவர்கள் மட்டும் சிவந்தார்கள். ஆரியங்கோட்டு அண்ணன், கள்ளிக்காட்டில் வரைகிற ஒரு பெண், நெய்யாற்றின்கரையில் ஒருவர், மூன்று வரியும் தினமும் சிவப்பு. நகரத்துக்காரர்கள் பச்சை. காரணம் எனக்கு முதல் நாளே தெரியும். மூன்று மணிக்கு இடி, இடிக்கு முன் பிளக், பிளக் போனால் மோடம் இல்லை. நாளைக்கு வந்துவிடும், நாளன்றைக்கு வந்துவிடும் என்று நானும் விட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. பட்டியலைத் திறந்தே பார்க்காத நாளும் உண்டு. சிவப்பைப் பார்த்துப் பார்த்து அது எனக்கு அந்த மூன்று பேரின் நிறம் என்றே பழகிவிட்டது.

ஒரு நாள் முதலாளி கூப்பிட்டார். "இந்தத் தெக்கன்மாருக்கு மட்டும் என்ன பிரச்சினை?" என்று மலையாளத்தில் கேட்டார். தெற்கத்தியர்களுக்கு அந்த நகரத்தில் இருக்கும் மரியாதை அந்த ஒரு சொல்லில் உண்டு. எல்லை தாண்டி மார்த்தாண்டத்துக்குப் போனால் எங்களை மலையாளத்தான் என்பார்கள், அது வேறு கதை. இடியைப் பற்றிச் சொன்னேன். காலை ஏழு மணிக்கு மாற்றிவிடலாமா என்றும் கேட்டேன். ஒரு முறை கேட்டேன் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். அவர் சிரித்தார். "இடி நகரத்திலயும் உண்டுதானே? வீட்டிலிருந்து வேலை செய்ய முடியவில்லை என்றால் ஓபீசுக்கு வரட்டும். நான் யாரையும் கட்டிப்போடவில்லையே" என்றார்.

அந்த இடத்தில் நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. "நான் சரி பண்ணிக்கறேன் சார். நாளைக்கே பச்சை ஆகிடும்" என்றேன். அந்த நேரத்தை மாற்றும் பொத்தான் என் கையில்தான் இருந்தது. முதலாளிக்கு அது எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அவரிடம் கேட்காமலே காலை ஏழுக்கு மாற்றியிருந்தால், பட்டியல் பச்சையாக வந்திருக்கும், அவர் கவனித்திருக்கவே மாட்டார். ஆனால் ஏழு மணிக்கு மூன்று பேரும் லேப்டாப்பைத் திறந்து வைக்க வேண்டும், நான் எழுந்து பார்க்க வேண்டும். அதற்கு எனக்குச் சோம்பல். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது கிடைக்குமா என்று பல நாள் தேடிப் பார்த்துவிட்டேன்.

அன்று சாயந்தரம் மூன்று பேருக்கும் போனில் குரல் செய்தி அனுப்பினேன். என்ன சொன்னேன் என்று எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது.

"நாளைல இருந்து மூணு முதல் நாலு வரை ஆரும் பிளக்கப் பறிக்கப்பிடாது. மழையானாலும் சரி, இடியானாலும் சரி. இனியும் சிவப்பு வந்தா சாரு ஓபீசுக்கு வரச் சொல்லிருவாரு. பெறவு எங்கிட்ட வந்து ஒண்ணும் சொல்லாண்டாம்."

மற்ற இருவரிடம் இருந்தும் பதில் இல்லை. அண்ணன் மட்டும், "சரி மக்கா" என்று குரலிலேயே அனுப்பினார்.

மறுநாள் இரண்டே முக்கால் இருக்கும், முதல் இடி முழங்கியது. நான் உள்ளறையில் மேசை முன் இருந்தேன். என் கை தானாகப் போய் மோடத்தின் பிளக்கைப் பறித்தது. லேப்டாப் ஒயரையும் பறித்தேன். துணி எடுத்தேன். அடுக்களையில் போய்ச் சாயா போட்டேன். என் லேப்டாப்பில் படங்கள் கிடையாது, என் பெயர் பட்டியலில் வராது. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அதுபோல அடுப்படியில் நின்று சாயாவை நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தேன். மூன்றரைக்கு ஒரு வெட்டு வெட்டியது, ஜன்னல் கம்பி அதிர்ந்தது. நல்ல வேளை பறித்தோம் என்றுகூட நினைத்தேன்.

நாலேகாலுக்கு அண்ணன் கூப்பிட்டார்.

"மக்கா, போச்சு."

"என்னண்ணே?"

"ஜன்னல் ஒருமாதிரி வெள்ளையாச்சு. பெறவு ஒரு கரிஞ்ச மணம். லேப்டாப் அணஞ்சு போச்சு. மோடம் தெறிச்சு அந்த மூலையில கெடக்கு."

"அக்காவுக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல. பயந்துட்டா. அவ அப்பமே கையக் காட்டிக்கிட்டே இருந்தா, பறி பறின்னு. நான் பறிக்கப் போனேன். நாலு ஆக இன்னும் பத்து நிமிஷம்தான் இருந்துது. அதனால விட்டுட்டேன்."

பிறகு அவரே கேட்டார். "படம் அங்க வந்திருக்கும் இல்லியா மக்கா?"

பார்க்கிறேன் என்று வைத்தேன். பார்த்தேன். வந்திருக்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் அனுப்பாமல் சேர்ந்து கிடந்தது அத்தனையும் அன்று ஒரே மூச்சில் போகப் பார்த்திருக்கிறது. ஒரு மணி நேரம் அதற்குப் போதவில்லை. பாதியில் அறுந்ததை ஓபீஸ் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது, தூக்கி எறிந்துவிடும். கடைசியாக முழுதாக வந்து சேர்ந்த பிரதி மழை தொடங்குவதற்கு முந்தையது. அதற்குப் பிறகு அவர் வரைந்த ஆஸ்பத்திரிக் கட்டடம் முழுதும், மாடி, படிக்கட்டு, தண்ணீர்க் குழாய் எல்லாம், எங்கேயும் இல்லை. பீரோவுக்குள் இருந்திருக்க வேண்டிய பென் டிரைவ் என் மேசை இழுப்பறையில் வெறுமையாகக் கிடந்தது.

அவரைத் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. போனை எடுத்தேன். நேற்று அனுப்பிய குரல் செய்தியைத் தொட்டேன். எல்லாருக்கும் அழி என்று ஒரு வாய்ப்பு வரும், அதை அழுத்தினேன். மூன்று பேருக்கும் மூன்று தடவை. எதுவும் அழிந்துபோகாமல் காப்பதற்குத்தான் கம்பெனி எனக்குச் சம்பளம் தருகிறது. வேலியே பயிரை மேய்ந்தது என்று பிறரைப் பற்றி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

அரை மணி நேரம் கழித்துக் கள்ளிக்காட்டுப் பெண் கூப்பிட்டாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். "சேச்சி, எதுக்கு அந்த மெசேஜ அழிச்சிய?" என்று கேட்டாள். தப்பாகப் போய்விட்டது என்றேன். "அண்ணன் கூப்பிட்டுச் சொன்னாரு. ஏதாயாலும் நான் இடி கேட்டதும் பறிச்சாச்சு. நீங்க சொன்னதக் கேட்டிருந்தா எனக்க மெஷினும் போயிருக்கும்" என்றாள். நெய்யாற்றின்கரைக்காரரும் பறித்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. என் பேச்சைக் கேட்டு நடந்தவர் அண்ணன் ஒருவர்தான்.

அண்ணன் லேப்டாப்பைக் காட்டாக்கடையில் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். அதை ரிப்பேர் பார்த்தவர் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் கரி, எடுக்க ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறு கம்பெனியைப் பார்த்துப் போய்விட்டார்கள். ஆறாம் நாள் முதலாளி வீடியோ கூட்டம் வைத்தார். அவர், நான், அண்ணன், கள்ளிக்காட்டுப் பெண், நெய்யாற்றின்கரைக்காரர். லேப்டாப் இல்லாததால் அண்ணன் போனில் வந்திருந்தார். அதைக் கையில் பிடித்திருந்ததால் முகம் ரொம்பப் பக்கத்தில் தெரிந்தது.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இடி வந்தால் பிளக்கைப் பறிக்க வேண்டும் என்று அந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியுமாமே. உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். பறிக்கிறார்கள் என்று ஒரு வாரத்துக்கு முன்பு குறைபட்டவரும் அவர்தான். முதலாளி என் பக்கம் திரும்பினார். "பறிக்கக் கூடாது என்று நீங்கள் ஏதாவது சொன்னீர்களா?"

எனக்கும் வீட்டில் இருந்து வேலை செய்ய வேண்டியிருந்தது. அண்ணனுக்கு இருந்தது போன்ற காரணம் ஒன்றும் எனக்கு இல்லை. காலையில் பஸ்ஸில் நெருக்கியடித்துப் போவது பிடிக்காது, வீட்டில் இருந்தால் சோறு சூடாகத் தின்னலாம். அதுதான் நான் இழக்கக்கூடியது. அதை மனதில் வைத்துக்கொண்டு சொன்னேன்:

"நேரம் தவறக் கூடாதுன்னு பொதுவாச் சொன்னேன் சார். இடி நேரத்துல வச்சிருக்கச் சொல்லல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. கள்ளிக்காட்டுப் பெண் குனிந்துகொண்டாள். நெய்யாற்றின்கரைக்காரர் தன் படத்தை அணைத்துவிட்டார், பெயர் மட்டும் கறுப்புக் கட்டத்தில் நின்றது. அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோவில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று சொல்ல முடியாது என்பார்கள். அன்று என்னால் சொல்ல முடிந்தது. அவர் அவசரப்படவில்லை. முதலாளி இரண்டு தடவை, "சொல்லுங்கள்" என்றார். பின்னால் அக்கா இருமுவது கேட்டது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவர் வாயைத் திறந்தார்.

"மேடம் சொன்னது சரியாக்கும். எனக்க கவனக்குறைவு."

ஆறு வருடத்தில் அவர் என்னை மேடம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

முதலாளி, இனி அவர் ஓபீசில் வந்து வேலை செய்யட்டும் என்று முடித்தார். மனைவியின் நிலைமையை அண்ணன் ஒரு வரியில் சொன்னார். எல்லார் வீட்டிலும் ஒவ்வொன்று உண்டு என்றார் முதலாளி. ஒன்றாம் தேதியில் இருந்து அண்ணன் போனார். விடியற்காலையில் அக்காவைக் குளிப்பாட்டி, பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, ஆரியங்கோட்டில் பஸ் பிடித்து, நெய்யாற்றின்கரையில் இறங்கி, அங்கிருந்து வேறு பஸ். எட்டு நாள் போனார். எட்டாம் நாள் பக்கத்து வீட்டம்மா தன் அடுப்பைப் பார்க்கப் போன நேரத்தில் அக்கா தனியாகக் குளியலறைக்குப் போகப் பார்த்து விழுந்துவிட்டார். இடுப்பில் அடி. ஒன்பதாம் நாள் அண்ணன் போகவில்லை. வேலையை விடுவதாக நாலு வரி எழுதி அனுப்பிவிட்டார்.

ஆள் போனால் அவரிடம் இருந்த கம்பெனிப் பொருளைத் திருப்பி வாங்குவது என் வேலை. கரிந்த லேப்டாப், சார்ஜர், பை எல்லாவற்றையும் துடைத்து, ஒரு துணிப்பையில் போட்டு ஓபீசுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். அதற்கு ஒரு படிவம் உண்டு. பழுதானதற்குக் காரணம் என்று ஒரு கட்டம். முதலாளி சொல்லச் சொல்ல நான் நிரப்பினேன். பயன்படுத்தியவரின் கவனக்குறைவு என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை மென்பொருளைத் திறந்து நேரத்தைக் காலை ஏழுக்கு மாற்றினேன். பத்து நிமிட வேலை. மழைக்காலம் முடியும் வரை தெற்கு முழுதும் பச்சை. முதலாளி எல்லாருக்கும் அனுப்பிய கடிதத்தில் என்னைப் பாராட்டி ஒரு வரி எழுதினார். கண் கெட்ட பிறகு செய்த நமஸ்காரத்துக்குப் பாராட்டு வாங்கியவள் நானாகத்தான் இருப்பேன். அந்தக் கடிதத்தை அழிக்கவில்லை. இருக்கிறது.

அதற்குப் பிறகு ஆரியங்கோட்டுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டேன். அந்த வழியில் ஒரு கல்யாணம் வந்தது, காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். வெயில் காலம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ன தோன்றியதோ, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருப்பேன். என் பாரம்.

அண்ணன் சபைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். "வாங்க, இரிங்க" என்றார். முன்பெல்லாம் வா மக்கா என்பார். அதே அறை, அதே ஜன்னல். மேசையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. வீடு கட்டுகிறவர்களுக்குப் பஞ்சாயத்து அனுமதிக்கான பிளான் வரைந்து கொடுக்கிறாராம். மாதத்துக்கு ஒன்று இரண்டு வரும் என்றார். கட்டிலில் அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். என்ன பேசுவது என்று தெரியாமல், "படத்துக்கெல்லாம் பாக்கப் எடுக்க ஏதாவது பண்ணித் தரட்டுமா அண்ணே?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் யாரிடம் எதைக் கேட்கிறேன் என்று உறைத்தது.

"வேண்டாம். நான் எடுத்துக்கிடுவேன்."

அதற்குப் பிறகு என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். செய்தியை அழித்தது, கூட்டத்தில் பொய் சொன்னது, படிவத்தில் எழுதியது. அழுகையும் வந்தது.

"அழிச்சத அண்ணைக்கே பாத்தாச்சு" என்றார் அண்ணன். "அந்தக் கூட்டத்துல நான் சும்மா இருந்தது உங்களக் காப்பாத்த இல்ல. நீங்களே சொல்லுவியண்ணு நெனச்சேன். அதுக்குத்தான் அம்புட்டு நேரம் காத்துக்கிட்டு இருந்தேன்."

"நான் சார்ட்ட சொல்லிடறேன் அண்ணே. எல்லாத்தையும் சொல்லிடறேன்."

வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். போனது போகட்டும், உனக்காவது வேலை நிற்கட்டும் என்பார், நான் இன்னும் கொஞ்சம் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று இருந்தேன். நல்ல மனிதர்களிடம் போய் நாம் செய்கிற தந்திரம் இது.

"சொல்லுங்க" என்றார் அவர். "என்னத் திருப்பி எடுப்பாரா இல்லியாண்ணு எனக்குத் தெரியாது. எடுத்தா இங்க இருந்து செய்யலாம், இவளுக்கு அது போதும். நீங்க சொல்லுங்க."

கட்டிலில் இருந்த அக்கா அப்போது முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். சொல்கிறேன் என்று அவருக்கும் தலையாட்டிவிட்டு எழுந்தேன். அண்ணன் வாசல் வரை வந்தார். பஸ் வரும் வரை நின்றார்.

அதற்குப் பிறகு இரண்டு துலாம் மழை பெய்தாயிற்று. திங்கட்கிழமை சொல்லலாம் என்று இருந்தேன், அன்று முதலாளி கோபமாக இருந்தார். பிறகு புது வேலை வந்தது, அது முடியட்டும் என்று இருந்தேன். அண்ணன் எங்கே காத்திருக்கப் போகிறார், மறந்திருப்பார் என்று சில நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். போன கிறிஸ்மஸுக்கு அவரிடம் இருந்து ஒரு வாழ்த்து வந்தது. அதன் கீழே ஒரே ஒரு வரி: "சொல்லியாச்சா?" நான் வாழ்த்துக்கு மட்டும் பதில் அனுப்பினேன்.

இதை எழுதும்போது யார் பெயரையும் போடவில்லை. கம்பெனி பெயரும் இல்லை. அவருடைய மானத்தை நினைத்துத்தான் என்று யாராவது கேட்டால் சொல்லலாம். அவர் பெயரைப் போட்டால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நாளைக் காலை ஏழு மணிக்கு நான் பச்சை வருகிறதா என்று பார்க்க வேண்டும், வீட்டில் இருந்தபடியே.